கதவு திறந்தது, படி எங்கே?

"எவர்க்கும் தடையில்லை, எவரும் எடுக்கலாம், எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம்" என்று எழுதி வைத்துக் கதவை அகலத் திறந்துவிட்டனர். பாராட்டுகிறோம். ஆனால், உள்ளே நுழையக் காலெடுத்து வைத்தால், வாயிற்படி ஆளுயரம் நிற்கிறது! ஏற இயலாதவன் வெளியே நிற்கிறான். அவனைத் தடுத்தவர் எவருமில்லை. ஆயினும் அவன் வெளியேதான் நிற்கிறான். இஃது எவர் குற்றம்? கதவைத் திறந்தவர் குற்றமா? காலில் வலுவற்றவன் குற்றமா? படியமைக்கத் தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்றோமே, நம் குற்றமா?

இக்கேள்வி நமக்கு ஏடுகளைப் புரட்டும்போது தோன்றியதன்று. திருப்புட்குழியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கருகிப்போன சிறு விளக்கொன்றைக் கையில் ஏந்தி நம்முன் நின்றாளே, அந்தப் பிற்பகலில் தோன்றியது.

திருப்புட்குழிக்கு ஒரு பழங்கதை உண்டு. காஞ்சியை அடுத்த இவ்வூரில்தான் இளம் இராமானுசர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டார், ஆசிரியர் உரைத்த பொருளை ஏற்க மறுத்தார் என்பர். பின்னாளில் திருக்கோட்டியூரில், எவர்க்கும் சொல்லற்க என்று ஆணையிட்டுத் தரப்பட்ட மறைமொழியைக் கோபுரத்தின்மீதேறி ஊரறியக் கூவினார் என்றும் கூறுவர். அம்மறைமொழியில் நமக்கு நம்பிக்கை உண்டா என்பது இங்கே வழக்கன்று. அறிந்ததைப் பூட்டி வைத்தல் அறமாகாது என்று ஒருவர் எண்ணினாரே, அவ்வெண்ணமே நமக்கு வேண்டுவது. அன்று அறிவுக்குப் பூட்டு இருந்தது; உடைப்பதற்குத் துணிவு தேவைப்பட்டது. இன்றோ, பூட்டே இல்லாத அறிவும் இருக்கிறது. இருந்தும் எட்டவில்லை!

ஆர்டுவினோ என்றொரு மின்னணுப் பலகை, உள்ளங்கையில் அடங்கும். இத்தாலி நாட்டில் இவ்ரேயா என்னும் நகரத்து வடிவமைப்புக் கல்விக் கூடத்திலே, ஆசிரியரும் மாணவரும் கூடி 2005 இல் உருவாக்கியது. அங்கே பயின்ற கொலம்பிய நாட்டு மாணவர் எர்னாண்டோ பார்ரகான் 2003 இல் ஆக்கிய 'வயரிங்' என்பதை அடித்தளமாகக் கொண்டே அது எழுந்தது. இதைப் பலர் சொல்ல மறந்துவிடுகின்றனர். நாம் மறவாமல் சொல்லி வைக்கிறோம். பொறியியல் படிக்காதவரும் விளக்கை எரியச் செய்ய, விசையைச் சுழலச் செய்ய, வெப்பத்தை அளந்தறிய வேண்டும் என்பதே நோக்கம். பலகையின் அமைப்புப் படத்தை ஒளிக்காமல் உலகுக்கு அளித்துவிட்டனர். ஆகவேதான், அதே அமைப்பில் பிறர் செய்த பலகைகள் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கின்றன. விளக்கவுரைகளும் அவ்வாறே. எவரும் மொழிபெயர்க்கலாம், பிழை கண்டால் திருத்தம் அனுப்பலாம். ஆக்கியோரைக் குறிப்பிட வேண்டும். தாம் திருத்தியதையும் அதே உரிமையோடு பிறர்க்கு வழங்க வேண்டும். நிபந்தனை இவ்வளவே. நேர்த்தியான நிபந்தனை!

நாம் பயின்றது கலைப்பட்டம். கம்பிக்கும் நமக்கும் தொடர்பில்லை. ஆயினும், பள்ளிக்கு வந்த பலகைகள் பெட்டிக்குள்ளேயே உறங்கின. "ஆங்கிலம் படித்து விளங்கிக்கொள்வீர்களே, நீங்கள்தான் பாருங்களேன்" என்றனர் உடன் பணிபுரிவோர். பார்த்தோம். முதற்பாடத்தைத் தமிழில் எழுதி, படியெடுத்து, பிள்ளைகளிடம் கொடுத்தோம். பெருமிதமும் கொண்டோம், அதை மறைப்பானேன்?

அந்த மாணவியின் தந்தை பட்டு நெய்பவர். பலகைக்குக் கட்டளை எழுதுவது எப்படி என்று நாம் விளக்கத் தொடங்கியதுமே, "எங்க வீட்டுத் தறியில ஜக்கார்டு அட்டை இருக்கே, அது மாதிரியா சார்?" என்றாள். துளையிருந்தால் இழை மேலேறும், இல்லையேல் ஏறாது. அட்டை சொன்னபடி தறி கேட்கும். நாம் அரைமணி நேரம் பேசியும் விளக்க முடியாததை அவள் ஒரே கேள்வியில் விளங்கிக்கொண்டாள்.

அவள்தான் விளக்கைக் கருக்கினாள். நம் ஏட்டைப் படித்து, அதன்படியே செய்து கருக்கினாள்.

எப்படி? பலகையின் முனையிலிருந்து வருவது 5 வோல்ட். சிவப்புச் சிறுவிளக்கு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட். எஞ்சிய மூன்றைத் தாங்க இடையிலே 220 ஓம் மின்தடை ஒன்று வேண்டும்; அப்போது ஓடும் மின்னோட்டம் 14 மில்லியாம்பியர் அளவிலே அடங்கும். மின்தடை இல்லையேல் அளவு மீறும். விளக்கும் கெடும், பலகையின் முனையும் கெடக்கூடும். ஆங்கில ஏட்டில் இது கட்டளையாகவே இருந்தது. தமிழில் எழுதிய நாமோ, பிள்ளைகளை அதட்டுவது போல் இருக்கலாகாதே என்று கருதி, "இடையில் ஒரு மின்தடையை இணைக்கலாம்" என்று எழுதிவிட்டோம். இணைக்கலாம்! இணைக்காமலும் இருக்கலாம் என்றல்லவா அதற்குப் பொருள்? பெட்டியில் மின்தடைகள் குறைவாயிருந்தன. மற்றவர்க்கு விட்டுக்கொடுத்து, தான் இல்லாமலே இணைத்தாள்.

விளக்கு ஒருமுறை பளிச்சென்றது, அணைந்தது. நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "எனக்கு இதெல்லாம் வராது சார்."

பிழை நம்முடையது, "வராது" என்ற தீர்ப்போ அவளுக்கு! ஏட்டில் பிழையிருக்கும் என்று அவள் எண்ணவே இல்லை. அச்சிட்ட எழுத்து பொய்க்காது என்று தலைமுறை தலைமுறையாக நம்பப் பழகிய வீட்டுப் பிள்ளை அவள். புத்தகம் நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளை, "இந்த நூல் சரியில்லை, வேறு நூல் கொண்டுவா" என்று வீசி எறிவான். முதன்முதலாகப் படிக்க வந்தவளோ, நூலின் குறையைத் தன் குறையென்று சுமந்துகொண்டு வீடு திரும்புவாள். கவிதையில் ஒரு சொல் பிழைத்தால் புலவனுக்கு இழுக்கு. வழிகாட்டும் ஏட்டில் ஒரு சொல் பிழைத்தால் படிப்பவர்க்கு இழுக்கு. எழுதியவன் பெயர்கூட வெளியே வராது.

'விளக்கவுரை எழுதுவது ஏதோ எடுபிடி வேலை. கண்டுபிடிப்பதே பெருமை, எழுதி வைப்பது எழுத்தர் வேலை' என்று நினைப்போர் உளர். நாமும் நேற்றுவரை அப்படியே நினைத்தோம். கருகிய விளக்கு நம் நினைப்பை மாற்றியது.

"ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டுமே" என்பார் சிலர். கற்கட்டும், கற்பிப்பதும் நம் கடனே. ஆனால், ஆங்கிலம் கைவரும் வரையில் விளக்கெரிக்கக் காத்திரு என்று பதினான்கு வயதுப் பெண்ணிடம் சொல்வது எந்த நீதி? அமெரிக்கர் ஒருவர் இவ்வினாவுக்கு விடை சொல்லிச் சென்றிருக்கிறார். மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சமயப் பணிக்கென 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். 1860களில் கற்பிப்பதையே தமிழுக்கு மாற்றினார். தாம் தமிழ் கற்றார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் என்று நூல் நூலாகத் தமிழில் வரச் செய்தார். 'இரண வைத்தியம்' 1867 இலும் 'கெமிஸ்தம்' 1875 இலும் வெளிவந்தன. தாய்நாடு திரும்பியபின்னும் அப்பணியை விடவில்லை. 1884 இல் மறைந்தார். அறுவைக் கத்தி பிடிப்பவனுக்கே தமிழ் போதும் என்று அவர் துணிந்தார். கம்பி பிடிக்கும் பிள்ளைக்குப் போதாது என்று நாம் அஞ்சுகிறோம்!

'கெமிஸ்தம்' என்ற பெயரைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தமிழ் ஈறு கொடுத்து நடமாட விட்டிருக்கிறார். தூய தமிழ் அன்பர்கள் சினங்கொள்ள வேண்டா; நமக்கும் 'வேதியியல்' என்ற சொல்தான் இனிக்கிறது. ஆனால், சொல் பிறக்கும்வரை பாடம் காத்திருக்க வேண்டுமா? நம் ஏட்டில் 'கிரவுண்ட்' என்று எழுதியிருந்தோம். ஒரு சிறுவன், "கிரவுண்டுன்னா விளையாடுற இடமா சார்?" என்றான். அடுத்த படியில் 'புவிமுனை' என்று திருத்தினோம்; கம்பியை வெளியே கொண்டுபோய் மண்ணில் செருகலாமா என்று கேட்டான். இறுதியில், 'மின்சாரம் திரும்பி வந்து சேரும் முனை; பலகையில் ஜிஎன்டி என்று எழுதியிருக்கும்' என்று ஒரு வரி நீட்டி எழுதினோம். கேள்வி நின்றது. சொல்லாக்கக் குழுக்கள் எப்படி ஆக்குகின்றனவோ அறியோம். நம் சொல்லாக்கக் குழு அரைக்காற்சட்டை அணிந்திருந்தது.

இன்னொரு தடையும் உண்டு; இஃது எளிதில் தள்ளக்கூடியதன்று. 2025 அக்டோபரில், ஆர்டுவினோவைத் தாம் வாங்கப்போவதாக அமெரிக்காவின் குவால்காம் நிறுவனத்தார் அறிவித்தனர். கோடி கோடியாகப் பொருளீட்டும் நிறுவனத்தின் பண்டத்துக்கு, மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியர் ஊதியமின்றி ஏடெழுதுவதா? அவர்கள் களஞ்சியத்துக்கு நாம் நெல் குத்துவதா? நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். இரண்டு நாள் நமக்கு விடை கிடைக்கவில்லை.

உரிமத்தை மீண்டும் படித்தோம். நாம் எழுதியதை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம், உண்மை. அதே ஏட்டை உத்திரமேரூர் ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம், யாழ்ப்பாணத்துச் சிறுவனும் எடுத்துக்கொள்ளலாம், வேறு பெயரில் பலகை விற்கும் ரிச்சி தெருக் கடைக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனம் நாளை மனம் மாறிப் புதிய ஏடுகளைப் பூட்டினாலும், அந்த உரிமத்தோடு வெளிவந்துவிட்ட படிகளைத் திரும்பப் பெற இயலாது. ஊர்க்குளத்தைத் தூர்வாரினால் பண்ணையாரின் மாடும் குடிக்கத்தான் செய்யும். அதற்காகக் குளத்தைத் தூர்ந்துபோக விடுவாருண்டா? கசப்பு முழுதும் நீங்கியது என்று சொல்ல மாட்டோம். எழுதுகிறோம்.

இப்போது நம் முறை வேறு. எழுதியதும் வெளியிடுவதில்லை. முதலில் அந்த மாணவியிடம் கொடுக்கிறோம். அவள் சத்தமாகப் படித்தபடி இணைப்பாள். நாம் வாய் திறவாமல் அமர்ந்திருப்போம். அவள் கை எங்கே தயங்குகிறதோ அங்கே நம் சொல் பிழை என்று குறித்துக்கொள்வோம். 'இணைக்கலாம்' போய் 'கட்டாயம் இணைக்க வேண்டும்' வந்தது. 'சிவப்பு, சிவப்பு, பழுப்பு வளையமுள்ள மின்தடை' என்பதும், 'விளக்கின் நீண்ட கால் பலகையின் முனைப் பக்கம்' என்பதும் அவள் கேட்டதனால் வந்தவை. ஏட்டின் இறுதியில் ஆக்கியோர் பெயர்களோடு அவள் வகுப்பின் பெயரையும் சேர்த்தோம்.

சென்ற கிழமை பொத்தான் பாடம். பலகைக்குள்ளேயே இருக்கும் மின்தடையைப் பயன்படுத்திப் பொத்தானை இணைக்கும் முறை அது. நம் ஏடு ஒன்றரைப் பக்கம். படித்தாள், இணைத்தாள், அழுத்தினாள், கணினித் திரையைப் பார்த்தாள், மீண்டும் அழுத்தினாள். இம்முறை 'எனக்கு வராது' என்று சொல்லவில்லை. ஏட்டை நம் பக்கம் திருப்பி விரலை வைத்தாள்.

"சார், அழுத்தாதப்போ ஒண்ணு காட்டுது, அழுத்தினா சைபர் காட்டுது. தலைகீழா இருக்கே. ஏன்னு இதுல நீங்க எழுதலையே?"