மூலனின் மனைவி



இன்று ஐப்பசி அசுவினி, திருமூல நாயனாரின் குருபூசை. மாரி தொடங்கிவிட்டது. அதையும் பாராமல் கோளாவிலிலிருந்தும் பனங்காட்டிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். இந்த நாளில் திருமந்திரத்தின் யோகத்தையும் ஞானத்தையும் விரித்துச் சொல்வது வழக்கம். நான் இன்று அந்த நூல் பிறந்த உடம்பைப் பற்றிப் பேசப்போகிறேன். அது நாயனார் பிறந்த உடம்பு அல்ல. செத்துக் கிடந்த ஓர் இடையனின் உடம்பு.

சேக்கிழார் பெருமான் சொல்லும் வரலாறு உங்களுக்குத் தெரியும். கயிலையிலிருந்து பொதிகைக்கு அகத்தியரைக் காண வருகிற சிவயோகியார், திருவாவடுதுறையை வணங்கிவிட்டுப் புறப்படுகிறார். காவிரிக் கரையில் பசுக்கள் கதறுகின்றன. சாத்தனூர் மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்க்கின்றன. அந்த வாயில்லாச் சீவன்களின் துயரம் பொறுக்காமல் யோகியார் தம் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, மூலன் உடம்பில் புகுந்து எழுகிறார். பிறகு தம் உடம்பைத் தேடினால் அது அங்கே இல்லை, இறைவன் மறைத்துவிட்டான். மூலன் உடம்போடு திருவாவடுதுறை அரச மரத்தடியில் இருந்து, ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாட்டுத் தந்தார்.

ஓர் ஏழை மேய்ப்பனின் பிரேதம் பயன்பட்டதால்தான் பத்தாம் திருமுறை நமக்குக் கிடைத்தது. இறந்தவரின் கண்ணையோ சிறுநீரகத்தையோ எடுத்து இன்னொருவரைப் பிழைக்க வைக்கலாமா, சைவத்துக்கு அது அடுக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். கண்ணப்ப நாயனாரை எல்லோரும் சொல்வார்கள். சிபியையும் ததீசி முனிவரையும் சொல்வார்கள். அவர்கள் உயிரோடு இருக்கையில் தாமே முன்வந்து கொடுத்த பெரியவர்கள். மூலனை ஒருவரும் கேட்கவில்லை, அவனால் பதில் சொல்லவும் முடியாது. ஆகவே கேள்வி அவனுடைய வீட்டுக்குப் போகிறது.

அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். பொழுதுபட்டும் புருஷனைக் காணவில்லையே என்று தேடி வந்தவள், அவன் வருவதைக் காண்கிறாள். அதே முகம், அதே கை, அதே நடை. தொடப் போகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லி அவர் விலகிவிடுகிறார். இரவு முழுக்க அவளுக்கு நித்திரையில்லை. விடிந்ததும் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் இனி உன் குடும்பத்துக்குத் திரும்ப மாட்டார் அம்மா என்று எடுத்துச் சொல்லித் தேற்றுகிறார்கள். நம் பிரசங்கங்களில் அவளைப் பற்றி இரண்டு வசனத்துக்கு மேல் யாரும் பேசுவதில்லை. அவளுக்கு நாம் செய்கிற அநியாயம் அது என்றே நினைக்கிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இன்று நிற்பவள் அவள்தான். மோட்டார் சைக்கிளில் போன மகனுக்குத் தலையில் அடி. இயந்திரம் சுவாசம் கொடுக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது. டொக்டர் வந்து, மூளை இறந்துவிட்டது, பிள்ளை போய்விட்டான் என்கிறார். எந்தத் தாய் நம்புவாள்? நினைவு தப்பிக் கிடப்பது வேறு, இது வேறு. நினைவு தப்பியவர் எழுந்து வரலாம். மூளைத்தண்டு இறந்தவருக்கு இயந்திரத்தை எடுத்தால் தானாக ஒரு மூச்சும் வராது. அதை ஒருமுறை சோதித்துவிட்டு முடிவு சொல்வதில்லை, திரும்பவும் சோதிக்கிறார்கள். உறுப்பை எடுத்துப் பொருத்தப்போகிற டொக்டர்மாருக்கு அந்த முடிவில் பங்கு கிடையாது. இதயத்தை எடுத்தால் ஏறத்தாழ 4 மணித்தியாலத்துக்குள் இன்னொருவருக்குப் பொருத்தியாக வேண்டும். அதனால்தான் கொடுப்பீர்களா என்ற கேள்வி, நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் வந்து நிற்கிறது. கண்ணுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. வீட்டிலே காலமான முதியவரின் கண்ணையும் சில மணித்தியாலங்களுக்குள் எடுக்கலாம்.

கொடுக்க மறுக்கிறவர்களை மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்தக் கிழக்குக் கரை பிரேதங்களுக்காக அழுத கரை. 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். எத்தனை பேரை முகம் பாராமல், குளிப்பாட்டாமல், வாய்க்கரிசி போடாமல் ஒரே குழியில் வைத்தோம்! அதற்கு முன்னால் யுத்தம். பிள்ளையின் எலும்பாவது கிடைக்காதா என்று படத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு இன்றும் காத்திருக்கிற தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். உடம்பு முழுதாகக் கையில் கிடைப்பதே பெரும் பாக்கியம் என்று கண்டுகொண்ட சனத்திடம், அதில் ஒரு பங்கைத் தா என்று கேட்பது லேசான காரியமா?

பக்கத்திலே அக்கரைப்பற்றில் இருக்கிற நம் முஸ்லிம் சகோதரரின் நோவும் அப்படித்தான். கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2021 மாசி வரை, நோயால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று இலங்கை அரசு நின்றது. அடக்குவதில் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2024இல். உறுப்புத் தானம் ஆகும் என்று இஸ்லாமிய சட்ட அறிஞர்களின் சர்வதேசப் பேரவை 1988இலேயே ஜித்தாவில் தீர்மானித்திருக்கிறது. ஆனாலும் தன் குழந்தையின் மையித்தைக் காக்க முடியாமல் போன தகப்பனிடம் அந்தத் தீர்மானத்தை நீட்டினால் அவர் மனம் ஆறுமா? மார்க்கம் கதவைத் திறந்து வைத்தாலும், இறந்தவரை மதிப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாதவர் உள்ளே வரமாட்டார்.

அந்த நம்பிக்கையை இதே நாட்டில் ஒருவர் உண்டாக்கிக் காட்டினார். சிங்களப் பெருமகன், டொக்டர் ஹட்சன் சில்வா. 1958இல் பத்திரிகையில் எழுதிக் கண்களைக் கேட்டார். 1960இல் தம்முடைய தாய் காலமானபோது அந்தத் தாயின் கண்ணை ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தினார். ஊரைக் கேட்டவர் முதலில் தம் வீட்டிலிருந்து கொடுத்தார். 1961இல் கண்தானச் சங்கம் அமைந்தது. 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் போயின. பிறகு எத்தனையோ நாடுகளுக்கு, பல்லாயிரமாகப் பாகிஸ்தானுக்கும். நாம் தசையை அரிந்து கொடுத்தவன் என்று சொல்கிற சிபியை, பௌத்த ஜாதகக் கதை கண்ணைக் கொடுத்தவன் என்று சொல்கிறது. பன்சலைகளில் அந்தக் கதை கேட்டு வளர்ந்த சனம் கையெழுத்துப் போட்டது. நமக்கும் கண்ணப்பர் இருக்கிறார். ஆனால் கண்ணைக் கொடுத்தால் மறுபிறப்பில் குருடாய்ப் பிறப்போம் என்ற பயமும் நம் வீடுகளில் இருக்கிறது. தாய்மாரே, ஆன்மா புறப்படும்போது கூடப் போவது நுண்ணுடம்பு என்று நம் சித்தாந்தம் சொல்கிறது. பரு உடம்பு இங்கேயே கிடக்கிறது. அதை நெருப்பிலோ மண்ணிலோ முழுதாகத்தானே கொடுக்கிறோம்? அதனால் அடுத்த பிறவியில் உடம்பே இல்லாமல் போய்விடுகிறதா? கண்ணப்பர் குருடரானார் என்று எந்தப் புராணம் சொல்லிற்று?

தமிழ்நாட்டில் 2008 புரட்டாதியில் ஹிதேந்திரன் என்ற பதின்ம வயதுப் பிள்ளை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். தாயும் தகப்பனும் டொக்டர்மார். மூளைச்சாவு என்றால் என்னவென்று படித்தவர்கள். படித்திருந்தால் மட்டும் பெற்ற வயிறு எரியாதா? அந்த எரிச்சலோடேயே சம்மதித்தார்கள். சென்னை வீதிகளைப் பொலிசார் ஒதுக்கிக் கொடுக்க, அவனுடைய இதயம் ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அங்கே எத்தனையோ குடும்பங்கள் முன்வந்தன. 2023 முதல் உறுப்புத் தானம் செய்தவரின் உடலுக்கு அரச மரியாதையோடு இறுதிக் கிரியை நடக்கிறது. அந்த மரியாதையை நான் பெரிதாக நினைக்கிறேன். கொடுத்தவரின் உடம்பு திரும்பி வரும்போது ஊர் எழுந்து நிற்க வேண்டும்.

நம் பகுதியில் செத்த வீட்டில் முடிவெடுப்பது ஒருவர் அல்ல. தாய்மாமன் வரவேண்டும், குடிப் பெரியவர்கள் வரவேண்டும், கோயில் வண்ணக்கர் வரவேண்டும். முஸ்லிம் ஊர்களிலும் குடி உண்டு, பள்ளிவாசல் மரைக்காயர் உண்டு. இந்த நல்ல முறையை நான் குறை சொல்லவில்லை. மூலனின் மனைவியும் பெரியவர்களிடம்தான் போனாள். ஆகவே முன்வரிசையில் இருக்கிற வண்ணக்கர்மாரிடமும் குருக்கள் ஐயாவிடமும் கும்பிட்டுக் கேட்கிறேன். நாளைக்கு ஒரு தாய் ஆஸ்பத்திரியிலிருந்து ஆளனுப்பி, பிள்ளையின் கண்ணைக் கேட்கிறார்கள், கொடுத்தால் குளிப்பாட்டலாமா, சுண்ணம் இடிக்கலாமா, 31ஆம் நாள் கிரியை செய்யலாமா என்று கேட்பாள். எல்லாம் செய்யலாம், ஒன்றும் குறையாது, நான் வந்து முன்னுக்கு நின்று செய்விக்கிறேன் என்று சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்றால், அந்த முடிவுக்காக ஒருவரும் அவளை ஒரு சொல் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.