வரட்டுமா?

டில்லியில் படிக்கும் என் மகளுக்குத் தொண்டைப் புண். எச்சில்கூட விழுங்க முடியவில்லை, 103 டிகிரி காய்ச்சல். மயிலாப்பூரிலிருந்து, "நான் புறப்பட்டு வரட்டுமா?" என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை.

கேட்டால் எந்தப் பிள்ளையும் "வேண்டாம்ப்பா" என்றுதான் சொல்லும். அந்த 'வேண்டாம்' நமக்கல்லவா சௌகரியம்? முடிவெடுக்கும் பாரத்தை நோயாளியின் தலையில் ஏற்றிவிட்டு, நாம் ஈஸிசேரில் சாய்ந்துகொள்கிறோம். இதற்கு அன்பு என்று பெயர் வேறு! டாக்டரிடம் பேசினேன், அறைத்தோழி பார்த்துக்கொள்கிறாள். போக வேண்டியதில்லை என்று தீர்மானித்தவன் நான். மூச்சுத் திணறல் என்றிருந்தால் கேளாமலே கிளம்பியிருப்பேன்.

1917-ல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயில் விழுந்தபோது, இங்கே அவர் தாய் கோமளத்தம்மாளுக்குக் கப்பல் தபால் வரவே வாரக்கணக்காகும். நம் கையில் டெலிபோன் இருக்கிறது. ஆகவே கடமையும் இருக்கிறது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பெனிசிலின் வகை மாத்திரை வழக்கமாகப் பத்து நாள். மூன்றாம் நாளே வலி குறைந்துவிடும். பிள்ளைகள் மாத்திரையை மறந்துவிடுவார்கள். கிருமி மிஞ்சினால் பின்னால் வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வைக் கெடுக்கக்கூடும். அதனால் தினமும் இரவு எட்டு மணிக்குக் கேட்கிறேன்: "இன்னிக்கு எத்தனையாவது நாள்?"

"ஏழு. நேத்து ஆறு. நாளைக்கு எட்டு. போதுமாப்பா?" என்கிறாள் எரிச்சலோடு. எரிச்சல்படட்டும். எரிச்சல்படக் குரல் வந்துவிட்டது.