குமிழியும் மனச்சான்றும்

மோட்டார்ச் சைக்கிளைச் செப்பனிடுதல் மெய்யியலாருக்குரிய பொருளன்று எனக் கருதுவோர் உளர். 1974 இல் றொபேட் பேர்சிக் அத்தகைய வேலையையே வாயிலாகக் கொண்டு பெருநூலொன்று எழுதிய பின்னரும் அக்கருத்து முற்றாக நீங்கவில்லை. பாறை, ஓடை, செங்குத்துச் சரிவு ஆகியவற்றினூடாகக் கால் நிலத்திற் படாமற் செல்லும் ‘ட்றயல்ஸ்’ போட்டி வண்டியின் பின் பிறேக்கிலிருந்து காற்றெடுக்கும் சிறுவேலை, ஒழுக்கவியலின் பழைய வினாவொன்றைக் கூர்மையாக எழுப்புகின்றது. பிறரெவரும் காணாத குறையை முற்றாக நீக்கும் கடப்பாடு எதிலிருந்து பிறக்கின்றது?

மூடிய திரவத்தில் ஓரிடத்து ஏற்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறையாது கடத்தப்படும் என்பது பஸ்காலின் விதி. மிதியை அழுத்தும் பாதத்தின் விசை இவ்விதியின்படியே எண்ணெயினூடாகச் சென்று சில்லின் தட்டைப் பற்றச் செய்கின்றது. திரவம் எளிதில் நெருங்காது, காற்றோ நெருங்கிவிடும். உள்ளே தங்கிய குமிழி பாதத்தின் உழைப்பைத் தானே விழுங்குகின்றது. மிதியை அழுத்திப் பிடித்து, கலிப்பரிலுள்ள நிப்பிளைச் சிறிது திறந்து, குமிழியோடு எண்ணெய் வெளியேறியதும், மிதியை விடுமுன்னரே நிப்பிளை மூடவேண்டும். பிந்தினால் வெளிக்காற்று உட்புகுந்து செய்த வேலை வீணாகும். நிப்பிள் உச்சியில் அமையாத கலிப்பரில் எத்தனை முறை மிதித்தாலும் மேல்மூலையிற் பதுங்கிய குமிழி அசையாதிருத்தலும் உண்டு. அப்போது கலிப்பரைக் கழற்றி, பிறேக் பட்டைகளுக்கிடையே மரத்துண்டொன்றை வைத்து, நிப்பிள் மேல்நோக்குமாறு பிடித்தல் வேண்டும்.

பொறுமையிழந்தவனுக்குக் குறுக்குவழியொன்று உண்டு. மிதியை விரைவாகப் பலமுறை அழுத்தினால் அது இறுகும். சற்று விட்டுவைத்தால் மீண்டும் தளரும். அவ்விறுக்கத்தைச் சான்றாகக் கொள்பவன் முதலில் ஏமாற்றுவது தன்னையே. போட்டியின் மேற்பார்வையாளர், கால் ஒருமுறை நிலத்திற் பட்டால் ஒரு புள்ளி, பகுதியைக் கடக்கத் தவறினால் 5 புள்ளி எனத் தண்டம் எழுதுவார். குமிழியை அவர் காணமாட்டார். ஆயினும் ஸ்கொட்லாந்தின் ஆறுநாட் போட்டியில் வண்டிகள் ஒரு பாறைப்பகுதியிலிருந்து மற்றதற்குப் பொதுவீதியாலும் செல்கின்றன. அவ்வீதியில் நடப்போருக்குப் போட்டிப் புள்ளிகளோடு யாதொரு தொடர்புமில்லை.

1785 இல் வெளியான நூலில் கான்ற் ஒரு கடைக்காரனைக் காட்டுகிறார். சிறுபிள்ளைக்கும் ஏனையோருக்கும் ஒரே விலைக்கு விற்கும் அவன், வணிகம் கெடாதிருக்கவே அவ்வாறு செய்தால், அச்செயல் கடமைக்கு இணங்கியதாயினும் ஒழுக்கப் பெறுமானம் அற்றது. தன் வண்டியைத் தானே செப்பனிட்டு ஓட்டுபவனும் இக்கடைக்காரனின் இனத்தவன் எனலாமா? அத்தீர்ப்புக் கடுமையானது, அதனினும், பொருத்தம் குறைந்தது. இங்கு தவறு தொடக்கத்து நோக்கத்திற் பிறப்பதன்று. பத்தாம் மிதிப்பில், களைப்பில், ‘போதும்’ என்னும் விருப்பம் கண்ணை மறைக்கையிற் பிறப்பது. நல்லெண்ணமுடையவனும் அவ்வேளையில் வழுவுவான். 1970 இல் வெளியான நூலில் ஐரிஸ் மேடொக் வலியுறுத்திய ‘கவனம்’, அதாவது தன் ஆசை இடைபுகாது புறத்தேயுள்ளதை உள்ளவாறு காணுதல், இவ்விடத்துக்கு நெருங்கிய விளக்கமாகும்.

கொலைக்கருவி செய்பவனும் இக்கவனம் உடையவனாயிருக்கக் கூடுமே எனின், அத்தடைக்குக் கவனத்தை மட்டும் கொண்டு விடையிறுக்க இயலாது. எதனைச் செய்யவேண்டும் என்பதை அது தேர்ந்து தராது; மேற்கொண்ட வேலை முடிந்ததா என்பதிற் பொய்யுரையாதிருக்க மட்டுமே உதவும். பிறேக்கைப் பொறுத்தவரை அதற்கொரு சோதனை உண்டு. வண்டியை ஓரிரவு தொடாது விட்டு, மறுநாட் காலை ஒரேயொரு முறை மெதுவாக மிதித்து, மிதி எவ்வளவு தாழ்கின்றது எனப் பார்க்கவேண்டும்.