மூதாட்டியரை நினைக்கும் அறவழி



அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, ஒரு வினாவுடன் இவ்வுரையைத் தொடங்குகிறேன். ஒரு குடும்பத்தின் ஆணிவேராய் நெடுங்காலம் வாழ்ந்த மூதாட்டி மறைந்தால், அவரை நாம் எவ்வாறு நினைத்தல் வேண்டும்?

உடலை நீத்த உயிர், சமயம் எனப்படும் மிக நுண்ணிய கால அளவு ஒரு சிலவற்றுள்ளேயே தன் வினைக்கேற்ற மறுபிறப்பை அடைந்துவிடுகிறது என்பது நம் அறநூல்களின் துணிபு. நாம் படைக்கும் சோறோ, வார்க்கும் நீரோ அதனைச் சென்று சேர்வதில்லை. இழந்ததையே எண்ணி எண்ணி அழுதல் ஆர்த்தத் தியானமாகும். அது நமக்கே வினையைக் கட்டும். அங்ஙனமாயின் நினைத்தலே தகாதோ? அன்று. பற்றினால் நினைப்பது வேறு. குணத்தைப் போற்றி நினைப்பது வேறு. முன்னது நம்மைத் தேக்கி நிறுத்தும். பின்னது நம்மை நடக்கச் செய்யும்.

இதற்கு நம் தஞ்சை மண்ணிலேயே சான்று உண்டு. சுந்தர சோழரின் திருமகளும், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியும், முதலாம் இராசராசரின் தமக்கையுமான குந்தவைப் பிராட்டியாரை அறியாதார் யார்? 985 முதல் 1014 வரை ஆண்ட இராசராசர், பெரிய கோயிலுக்குத் தாம் கொடுத்தனவற்றை அடுத்து ‘அக்கன்’ கொடுத்தனவற்றையும், அதன் பின்னரே தம் தேவியர் கொடுத்தனவற்றையும் கல்லில் வெட்டப் பணித்தார். அக்குடும்பத்தில் அவ்வம்மையார் பெற்றிருந்த இடம் அத்தகையது.

அவர் தம் பெற்றோரை எவ்வாறு நினைத்தார்? தந்தையின் பெயரால் தஞ்சையில் விளங்கிய சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலையின் மருத்துவருக்கு நிலம் அளித்தார். இராசேந்திரர் காலத்துக் கல்வெட்டு இதனைக் கூறுகிறது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நாம் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானம் இதுவன்றோ? தந்தையை எண்ணிய மகளின் நெஞ்சம் பிணியாளரின் துயரைத் துடைத்தது. சைவ மரபில் வந்த அவர், தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததோடு அருகனுக்கும் ஆலயம் எடுத்தார். போளூரை அடுத்த திருமலையில் அவர் பெயரால் குந்தவை ஜினாலயம் இன்றும் விளங்குகிறது.

அரச குலத்தை விட்டு நம் எளிய இல்லங்களுக்கு வருவோம். எங்கள் மாமியார் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். பள்ளி சென்றவரல்லர், கேள்வியால் அறம் அறிந்தவர். நீரைத் துணியிட்டு வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பிப்பார். சம்பா அறுவடைக் காலத்தில் களத்தில் எத்துணை வேலை இருப்பினும் கதிரவன் மறையுமுன் உணவை முடித்துவிடுவார். நெல் அவிக்குமுன் விறகை ஒவ்வொன்றாகத் தட்டி, எறும்பு உள்ளதா எனப் பார்ப்பார்.

“உழவிலும் உயிர்கள் மடிகின்றனவே, அத்தை?” என்று ஒருநாள் வினவினேன். “உழவில் நேர்வதை நம்மால் முழுதும் விலக்க முடியாதம்மா. விலக்கக் கூடியதையும் விலக்காமல் இருந்தால் அதுதான் பாவம்” என்றார். இல்லறத்தார்க்குரிய அணுவிரதத்தின் உட்பொருளை ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு அவர் இரண்டே வாக்கியங்களில் கற்பித்துவிட்டார்.

இங்கு என் குற்றம் ஒன்றையும் சொல்லுதல் வேண்டும். இறுதி ஆண்டுகளில் மாலைதோறும் ஸ்ரீபுராணத்தில் சில பக்கங்கள் படித்துக் காட்டுமாறு கேட்பார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான், “நாளைக்குப் படிக்கிறேன், அத்தை” என்று பலமுறை தட்டிக் கழித்தேன். ஆதிபகவன் துறவு பூணும் பகுதியில் வைத்த அடையாள நூல், அவர் மறைந்த பின்னரும் அதே பக்கத்தில் கிடந்தது. அதைக் கண்டு பல நாள் அழுதேன். பிறகுதான், அழுகை பிரதிக்கிரமணம் ஆகாது என்பது விளங்கிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதினின்று மீளுவதே பிரதிக்கிரமணம். அண்டை வீட்டில் பார்வை மங்கிய மூதாட்டி ஒருவர் இருந்தார். அடையாளமிட்ட அப்பக்கத்திலிருந்தே அவருக்குப் படித்துக் காட்டத் தொடங்கினேன். அதன் பயன் என் மாமியாரைச் சேராது என்பதை அறிவேன். அவரவர் வினை அவரவர்க்கே. ஆயினும் திருந்த வேண்டியவள் நானல்லவா?

பெருமக்களே! காவிரி நாட்டில் நம் குடும்பங்கள் மிகச் சில. கரந்தை ஆதீசுவரர் ஆலயத்திற்கும், தீபங்குடிக்கும், மன்னார்குடி மல்லிநாதர் ஆலயத்திற்கும் நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர்கள் பாட்டிமாரே. இன்று பிள்ளைகள் வெளியூர்களில் வாழ, பெரிய வீடுகளில் முதியோர் தனித்திருக்கின்றனர். மறைந்தவரின் படத்திற்கு மாலை சூட்டுமுன், இருப்பவரின் அருகில் சிறிது நேரம் அமருங்கள். அவர் கேட்கும் பக்கத்தை இன்றே படித்துக் காட்டுங்கள். மறைந்தவர் ஒருவரின் ஒரு நற்குணத்தையேனும் உங்கள் விரதமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மூதாட்டியரை நினைக்கும் அறவழி இதுவே.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!