ஒத்த மருந்தும் ஒவ்வாத விலையும்

நோயாளியின் முன்னே இரு மருந்துகள். ஒன்று, முதன்முதல் ஆக்கியவரின் முத்திரை தாங்கியது, விலை மிகுந்தது. மற்றொன்று அதனை ஒத்தது, விலை குறைந்தது. ஏழைக்கு இரண்டாவதை அளிப்பது நீதியா, அன்றி ‘உனக்கு இது போதும்’ என்னும் அலட்சியமா? வேங்கிக்காலிலுள்ள மாவட்ட ஆட்சியரகத்துக்குத் திங்கள்தோறும் மருத்துவ உதவி கோரும் மனுக்களோடு வருவோரை எண்ணும்போது இவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடிவதில்லை.

சாதாரண மாத்திரையின் இரசாயனப் பொருளை அச்சாக மறுபடியும் ஆக்கிவிடலாம். உயிர்மருந்து அப்படியன்று. பாக்டீரியா, ஈஸ்ட் முதலிய உயிரணுக்களை வளர்த்து, அவற்றினின்று எடுக்கப்படும் புரதம் அது. ஒரே ஆலையில் இன்று எடுத்ததும் நாளை எடுப்பதும்கூட நுண்ணளவில் வேறுபடும். ஆகவே ‘அதுவே இது’ எனச் சொல்ல வழியில்லை. ‘அதனை ஒத்தது’ எனச் சோதித்து மெய்ப்பிக்கலாம், அவ்வளவே. மூல மருந்தும் இவ்விதிக்கு விலக்கன்று என்பதை அதன் விலையைக் கண்டு மயங்குவோர் மறந்துவிடுகின்றனர்.

நம் இல்லங்கள் நன்கறிந்த இன்சுலினையே பார்ப்போம். 1921-இல் டொரண்டோவில் அதனைக் கண்டவர்கள், 1923-இல் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அந்நாளில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே அது எடுக்கப்பட்டது. பன்றியினது என்றறிந்து ஊசிக்குத் தயங்கிய பெரியவர்கள் நம்மிடையே இருந்தனர். நிர்ப்பந்த நிலையில் ஆகுமென்று உலமாக்கள் பலர் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 1982-இல் பாக்டீரியாவைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலினுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அந்தச் சங்கடம் தீர்ந்தது; விலைச் சங்கடம் தீரவில்லை. பெங்களூரின் பயோகான் நிறுவனம் ஈஸ்டைக் கொண்டு இன்சுலின் ஆக்கி 2004-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. வறிய நாடுகளுக்கு நாளொன்றுக்குப் பத்து சென்டுக்கும் குறைவாக மனித இன்சுலின் தருவதாக 2019-இல் அறிவித்தது. அதன் கிளார்ஜின் இன்சுலினை மூல மருந்துக்குப் பதிலாகக் கடைக்காரரே மாற்றித் தரலாமென 2021-இல் அமெரிக்கா ஏற்றது. செல்வ நாடு ஏற்றதை இங்கே இரண்டாந்தரம் எனப் பேசுவது வியப்பே!

ஐயுறுவோரின் அச்சம் முழுதும் வீணன்று. சோதனையில் சலுகை காட்டிப் பெறும் மலிவு மலிவாகாது. அது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ஒத்த உயிர்மருந்துகளுக்கென இந்தியா 2012-இல் நெறிமுறை வகுத்ததும் இதனாலேயே. ஆயினும், ஆய்வுக்கூடமே ஒப்புமையை ஐயமறக் காட்டிவிட்ட பின்னும் பல நூறு நோயாளிகளிடம் மீண்டும் ஒப்பிட்டுக் காட்டு எனக் கேட்டால், அச்செலவு யார் தலையில் விழும்? அப்பெரும் சோதனை எப்போதும் கட்டாயமன்று என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தன் நெறிமுறையைத் திருத்திற்று. தேவைக்கு மேற்பட்ட எச்சரிக்கையும் ஒருவர்க்கு மருந்தை மறுக்கிறது என்பதே நம் கருத்து.

ஆலையில் குறைந்த விலை கடையில் குறைவதில்லை என்பது வேறொரு வேதனை. இதற்குத் தமிழ்நாடு ஒரு வழி கண்டது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், முத்திரைப் பெயரைப் பாராமல் மருந்தின் பெயரால் ஒப்பந்தப்புள்ளி கோருகிறது; வந்த சரக்கின் மாதிரிகளை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறது; தேறியவற்றையே அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. அங்கே நோயாளி விலை கொடுப்பதில்லை.