முகமூடியும் முகமும்



முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் உரைத்த சொல்லுக்குப் பொறுப்பாளி யார்? மூடியா, மூடியவனா? இதனை ஆராயச் சைபீரியப் பனிக்காடுகளை நோக்கிச் செல்வோம்.

மேற்கே எனிசெய் ஆறு முதல் கிழக்கே ஒகோத்ஸ்க் கடல்வரை பரந்த நிலத்தில், கலைமான் வளர்த்தும் வேட்டையாடியும் வாழ்ந்த குலத்தார் எவென்கி மக்கள். முன்னாளில் இவர்களைத் தூங்கூசியர் என்றழைத்தனர். மேலுலகம், நடுவுலகம், கீழுலகம் என உலகம் மூன்றென்பதும், நோயும் வேட்டைப்பேறும் ஆவிகளால் வருவன என்பதும் அவர்தம் தொன்னம்பிக்கை. அவ்வாவிகளோடு பேச வல்லவனே ‘சாமன்’. இரும்பாற் செய்த பறவை, விலங்குருவங்கள் தொங்கும் தோலாடை பூண்டு, பறை முழக்கி அவன் ஆடுவான். சிலர் உலோகத்தாலோ மரத்தாலோ ஆன முகமூடி அணிந்தனர். சிலர் கண்மறையக் குஞ்சம் தொங்கவிட்டனர். 1692இல் டச்சு நாட்டு விட்சன் வெளியிட்ட நூலில் மான்கொம்பு சூடிய சாமனின் படம் காணப்படுகிறது.

‘சாமன்’ என்னும் சொல், பாலிமொழியின் ‘சமணன்’ என்பதே மத்திய ஆசியா வழியே சென்று திரிந்தது என்பர் சில அறிஞர். மற்றையோர் அதனை மறுத்து, ‘அறிதல்’ எனப் பொருள்படும் தூங்கூசிய வேரினின்று பிறந்தது என்பர். வழக்கு இன்னும் தீரவில்லை. சொல் ஒன்றாயினும் ஆகுக, நெறி ஒன்றன்று. சாமன், “பேசுவது நானன்று, ஆவி” என்பான். சமணனோ, தன் சொல்லுக்கும் செயலுக்கும் தானே உரியவன். நாடிச் செய்யும் எண்ணமே கம்மம் என்பது பகவன் புத்தரின் போதனையன்றோ?

பஞ்சாலையில் உழைத்த நாளில் தூசிக்கு அஞ்சி முகத்தில் துணி கட்டி நின்றவன் யான். இழையறுந்தால், துணியின்மேல் எவரும் குற்றம் எழுதவில்லை. என் பெயரிலேயே எழுதினர்.

ஆயின், சாமனை வஞ்சகன் என்று இகழ்தல் தகுமா? தகாது. அவனும் பிறரைப்போல் வேட்டையாடி உண்டவன். பிணியாளனருகே இரவெல்லாம் அமர்ந்து பாடியவன். தான் நம்பியதையே செய்தவனிடம் இருப்பது அறியாமை, வஞ்சம் அன்று. அச்சத்தை விலைகூறி விற்பவனே வஞ்சகன். அவனுக்கு முகமூடியும் வேண்டுவதில்லை.

1920, 1930களில் சோவியத்து அரசு சாமன்களின் வாக்குரிமையைப் பறித்தது, சிறையிலிட்டது, பறைகளைக் கைப்பற்றியது. பல உடைகள் அருங்காட்சியகம் சேர்ந்தன. பறையைப் பறிக்கலாம்; நோயாளியின் நெஞ்சிலுள்ள அச்சத்தைப் பறிக்கும் கை எது? காவலன் கையன்று, அருகிலமர்ந்து விளக்கும் அறிவும், மருந்தும், அன்புமே. பைக்கால் ஏரிக்கு அப்பால் புரியாத்தியரோடு கலந்து வாழ்ந்த எவென்கியருள் ஒரு சாரார் பௌத்தம் தழுவியதும் அண்டை வாழ்வின் பழக்கத்தாலேயே.

ஆகவே அன்பர்களே, பிறர் முகமூடியைக் கிழிக்குமுன் நம் முகத்தைத் தடவிப் பார்ப்போம். “ஊர் சொல்லிற்று, விதி செய்தது” என்று நாம் கூறும் ஒவ்வொரு வேளையும் நாமும் ஒரு முகமூடி அணிகின்றோம். அதைக் கழற்ற வேண்டிய கை நம்முடையதே.