சொல்லால் உரைத்தலும் பொருளால் உரைத்தலும்

ஒரு நாவலைப் பல்லாண்டுகள் நெஞ்சில் வைத்துப் போற்றி வந்தவர்கள், அது திரைப்படமாகப் போகிறது என்று கேள்விப்பட்டதும் முதலில் மகிழ்கிறார்கள், மறுகணமே அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எதைப் பற்றியது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவருக்குத் திரைப்படத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கும் அன்பர்களும் இருப்பார்கள். படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் வினாவுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. ஒருவர் சொல்லிச் சென்றதை இன்னொருவர் தம் வாயால் எடுத்துச் சொல்ல முன்வரும்போது அவர் தோள்மீது ஏறும் பொறுப்பைப் பற்றியே பேசுகிறோம். அது நம் கல்விக்கு அந்நியமான பொருளன்று.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் அவருடைய வார இதழில் தொடங்கி, 1954 மே மாதம் நிறைவெய்தியது. ஐந்து பாகங்கள், மூன்றரை ஆண்டுகள். அந்த 1954-ஆம் ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 5-ஆம் நாள், அதன் ஆசிரியரும் மறைந்துவிட்டார். 1958-இல் எம்.ஜி.ஆர். அதைப் படமாக்கப் போவதாக அறிவித்தார், அப்படம் வரவில்லை. பின்னர் வேறு சிலரும் எண்ணினார்கள், கைவிட்டார்கள். இறுதியில் மணிரத்னம் இயக்கிய படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ஆம் நாளும் வெளிவந்தன. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் எத்தனை வீடுகளில் எத்தனை வந்தியத்தேவர்கள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள் என்பதை யார் கணக்கிட முடியும்!

நம் வீட்டிலும் ஒருவர் இருந்தார். வில்லியனூர் சுல்தான்பேட்டையில் நம் வீட்டுத் திண்ணையில் இந்நாவல் வாசிக்கப்பட்ட இரவுகளை நாம் மறக்கவில்லை. அவ்வார இதழ் பிற்காலத்தில் இத்தொடரை மீண்டும் வெளியிட்டபோது, வாரந்தோறும் தாள்களைப் பிரித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, அட்டையிட்டு ஐந்து கட்டுகளாக வைத்திருந்தார் நம் தாயார். இஷாவுக்குப் பிறகு அவர் வாசிப்பார். நன்னியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கேட்பார்கள். நன்னிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் படிக்கத் தெரியும். தமிழெழுத்து மட்டும் தெரியாது. ஆகவே அந்நாவல் முழுவதும் அவருக்குக் காது வழியாகவே வந்தது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ஓவியத்தைக் காட்டினால், “அதெல்லாம் எனக்கு வேணாம், நீ மேலே படி” என்று கையால் ஒதுக்கிவிடுவார். அவருடைய வந்தியத்தேவனுக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருந்தது. அது அவர் தம்பியின் முகம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் பகுதி இளைஞர் பலரைப் போலச் சைகோனுக்குக் கப்பலேறிய அந்தத் தம்பியிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது; பிறகு ஒன்றும் வரவில்லை. வந்தியத்தேவன் எங்கேனும் அகப்பட்டுக்கொண்டு வாய்ச்சாலகத்தால் தப்பிக்கும் இடம் வந்தால், “அவனும் இப்படித்தான்” என்பார் நன்னி. அத்தம்பிக்குப் புகைப்படம் கிடையாது. நாம் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட அவரை, ஒரு சோழநாட்டுக் கதையின் வழியாகவே நாம் அறிந்தோம்.

படம் வரப்போகிறது என்ற செய்தி பரவியபோது நம் வட்டாரத்தில் எழுந்த பேச்சுகளைக் கேட்டோம். இளைஞர்களுக்கு நம்பிக்கை: இனி இக்கதை உலகெங்கும் போகும், படிக்காதவனும் அறிவான் என்றார்கள். மூத்தவர்களுக்குக் கவலை: ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினால் எஞ்சுவது என்ன? நம் வீட்டுப் பெண்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. கல்கியின் கதையில் அரபு நாட்டுக் குதிரை வணிகர் வருகிறார்கள். தொப்பியும் கொச்சைத் தமிழும் கொடுத்து நம்மவரைத் திரையில் நிறுத்தும் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். இதிலுமா என்று கேட்டதில் வியப்பில்லை.

பாகூரில் நமக்கொரு நண்பர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாவலை ஒன்பது முறை படித்தவர். மூலநாதர் கோயில் சுவரில் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுடைய கல்வெட்டும் சோழருடைய கல்வெட்டும் அடுத்தடுத்து இருப்பதை நமக்குக் காட்டி, எந்தப் போருக்குப் பின் எந்தக் கல் வந்தது என்று விளக்கியவர் அவரே. படம் பார்க்க வாருங்கள் என்று நாம் அழைத்தபோது, “கண்ணை மூடினால் எனக்கு வருகிறவர்கள் போதும்” என்று மறுத்துவிட்டார். எழுதிய எழுத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்பது அவர் கொள்கை.

அக்கொள்கைக்கு நாம் மதிப்பளிக்கிறோம், முழுதும் ஒப்பமாட்டோம். முதலாவது, கல்கி திரைப்படத்துக்குப் பகைவரல்லர். அவருடைய ‘தியாகபூமி’ 1939-இல் படமானபோது, கதை வார இதழில் தொடராக வந்துகொண்டிருந்தது. ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளையே அதனுடன் அச்சிட்டார்கள். இரண்டாவது, கல்கியும் ஒன்றை எடுத்து மாற்றிச் சொன்னவரே. காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரத்தில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றுண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளைப் பற்றியது அது. இரவிதாசனின் பெயர் அக்கல்லில் இருக்கிறது. குந்தவையின் கணவர் வந்தியத்தேவர் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் நந்தினியைச் சொல்லும் கல் எங்குமில்லை. பூங்குழலியும் மணிமேகலையும் ஊமை ராணியும் எங்குமில்லை. கல்லில் சில வரிகளாகக் கிடந்ததைக் கல்கி ஐந்து பாகமாக விரித்தார். அவருக்குக் கொடுத்த உரிமையை அடுத்தவருக்கு மறுப்பதற்கு நியாயம் என்ன?

இவ்வினாவுக்கான விடை, அந்தக் கல்லுக்கு அருகிலேயே நமக்குக் கிடைத்தது. நாம் லால்பேட்டையில் ஓதியவர்கள். கதை தொடங்கும் வீராணம் ஏரியின் கரையில்தான் அவ்வூர் இருக்கிறது. அஸருக்குப் பின் அக்கரைமீது நடக்கும்போது, ஆடிப்பெருக்கில் குதிரைமீது வரும் அந்த வாலிபனை நாம் காணாத நாளில்லை. நம் தலையணைக்கடியில் இருந்த இரண்டாம் பாகத்தை ஒருநாள் உஸ்தாது எடுத்துச் சென்றார். அடி விழும் என்று காத்திருந்தோம். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்து, “மூன்றாவது பாகம் யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டார்.

பின்னர் அவரே ஹதீஸ் கலையின் விதிகளைப் பாடம் நடத்துகையில் அந்நூலைப் பயன்படுத்தினார். ரிவாயத் பில் லஃப்ழ் என்பது கேட்டதைக் கேட்ட சொல்லாலேயே அறிவிப்பது. ரிவாயத் பில் மஃனா என்பது பொருளை எடுத்துத் தம் சொல்லால் அறிவிப்பது. இரண்டாவது கூடாதென்று மறுத்த அறிஞர்களும் உண்டு. பெரும்பான்மையோர் அனுமதித்தனர், ஆனால் நிபந்தனை விதித்தனர். எந்தச் சொல் மாறினால் பொருள் மாறும், எது மாறினால் மாறாது என்பதை அறிந்தவருக்கே அந்த அனுமதி. மாணவர் நால்வரை அழைத்து நாவலின் ஒரே அத்தியாயத்தைத் தனித்தனியே சொல்லச் செய்தார் உஸ்தாது. நான்கும் நான்கு விதமாக வந்தன. இரண்டில் கதை இருந்தது; ஒன்றில் கதையின் எலும்பு இருந்தது; நாம் சொன்னதில் நாமே மிகுதியாக இருந்தோம் என்று சிரித்தார். அறிவிப்பவர் தம் அறிவிப்பின் முடிவில் “அவ் கமா கால” என்று சேர்ப்பதையும் அன்றுதான் விளக்கினார். ‘அல்லது அவர்கள் எவ்வாறு சொன்னார்களோ அவ்வாறு’ என்பது அதன் கருத்து. அனஸ் (ரலி) அவர்களைப் போன்ற தோழர்களே அப்படிச் சொல்லி முடித்திருக்கிறார்கள். புனிதமான ஒன்றையும் பொழுதுபோக்கு நாவலையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். எடுத்துச் சொல்லுவோரின் ஒழுக்கத்தை அங்கேதான் நாம் கற்றோம் என்பதைச் சொல்கிறோம்.

நம் முன்னோரும் இதை அறிந்தே இருந்தனர். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்க வந்தபோது, ஆறும் வயலும் நெற்பயிருமாகத் தமிழ் மருதநிலத்தையே அங்கே கொண்டுபோய் விரித்தார். மணல்நாட்டில் நெல் ஏது என்று கேட்டு எவரும் அதை ஒதுக்கவில்லை. நிலம் மாறியது, பொருள் மாறவில்லை.

அந்த அளவுகோலைப் படத்தின்மீது வைத்துப் பார்ப்போம். ஏரிக்கரையில் தொடங்காமல் போர்க்களத்தில் தொடங்குவதும் பேச்சைச் சுருக்குவதும் லஃப்ழைச் சேர்ந்தவை, பொருளுக்குக் கேடில்லை. ஆனால் சேந்தன் அமுதன்? நாவலில் அவன் பூமாலை கட்டும் பிள்ளை. வாய் பேசாத தாயின் மகனாக வளர்ந்தவன். செம்பியன் மாதேவி பெற்ற மகன் அவனே என்பது முடிவில் வெளிப்படுகிறது. மணிமுடியைத் தனக்கென்று ஏற்க வேண்டிய அருள்மொழி, அதை அவன் தலையில் சூட்டுகிறான். உரிமை இருந்தும் ஆசையில்லாத ஒருவனுக்கு, தகுதி இருந்தும் ஆசையை வென்ற ஒருவன் கொடுக்கிறான். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்ற பெயர் பொருந்துவது அங்கேதான். படத்தில் இந்த மறைபொருள் நீங்கிவிட்டது. அரியணைக்கு ஆசைப்பட்டுச் சதியில் சேர்ந்த மதுராந்தகனுக்கே முடி போகிறது. கல்வெட்டு வரலாற்றுக்கு இதுவே நெருக்கம் என்று வாதிடலாம். செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழன் இராசராசனுக்கு முன் ஆண்டான் என்பது வரலாறு. ஆசைப்பட்டவனுக்கு விட்டுக்கொடுத்து நாட்டில் கலகத்தைத் தவிர்ப்பதும் உயர்ந்த செயலே. ஆயினும் அது வேறு செயல். எளியவர் குடிசையில் அரசு ஒளிந்திருக்கும் என்ற எண்ணம் அதில் இல்லை. இங்கே பொருள் மாறிவிட்டது என்பதே நம் தீர்ப்பு. நண்பர்கள் சிலர் இதை மறுக்கிறார்கள், மறுக்கட்டும்.

மாற்றியதைவிட நம்மை உறுத்துவது இன்னொன்று. திரைக்கு “அவ் கமா கால” என்று சொல்லத் தெரியாது. எழுத்தில் ஒரு முகத்தைப் படிக்கும்போது, இது என் கற்பனை என்ற உணர்வு வாசகனோடு இருந்துகொண்டே இருக்கிறது. திரை காட்டும் முகமோ, இதுதான் அவர் என்று சாதித்துவிடுகிறது. 1976-இல் முஸ்தபா அக்காத் எடுத்த ‘அர்-ரிஸாலா’ படத்தை எண்ணிப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவுருவமும் குரலும் அதில் இல்லை. மற்றவர்கள் படக்கருவியை நோக்கிப் பேசுகிறார்கள். மார்க்கத்தின் கட்டளைக்காகச் செய்தது அது. ஆனால் காட்டாமல் விடுவதும் ஒரு மரியாதை என்பதை அது பலருக்கு உணர்த்தியது. எல்லாப் படத்துக்கும் அந்த விதியைச் சொல்ல முடியாது. காட்டுவதற்கென்றே பிறந்த கலையைக் காட்டாதே என்பது முறையுமன்று.

நாளை இந்தச் சோதனை நம் வாசலுக்கும் வரலாம். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாக வந்தது. அதன் உயிர், தேங்காய்ப்பட்டணத்து மக்களின் பேச்சில் இருக்கிறது. எவரேனும் அதைப் படமாக்கி, எல்லாருக்கும் புரியட்டும் என்று அந்தப் பேச்சை வெளுத்து எடுத்தால், பாகூர் நண்பரைவிட நாம்தான் உரக்கக் கூவுவோம் என்று தோன்றுகிறது.

நம் இளைய மகள் முதலில் படத்தையே பார்த்தாள். அதை அவளோடு வீட்டிலிருந்தபடியே நாமும் பார்த்தோம். வந்தியத்தேவனாகக் கார்த்தி நடித்தார். துடுக்கும் குறும்புமாக நன்றாகவே நடித்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றிரவு படுக்கையில், நன்னி சொல்லிச் சொல்லி நம் மனத்தில் வரைந்திருந்த அந்தச் சைகோன் முகத்தைத் தேடினோம். வரவில்லை. கார்த்தியின் முகமே வந்தது. அறுபது ஆண்டு இருந்த ஒருவரை ஒரே மாலையில் இழந்துவிட்டதாக நமக்குப்பட்டது. யாரிடம் போய் முறையிடுவது? குற்றவாளி என்று ஒருவரும் இல்லையே.

ஆனால் மகள் அத்தோடு நிற்கவில்லை. படம் முடிந்த கையோடு பரணிலிருந்த ஐந்து கட்டுகளையும் இறக்கினாள். பூச்சி அரித்த தாள்களைத் தட்டித் தட்டி ஐந்து மாதத்தில் படித்து முடித்தாள். ஐந்தாம் கட்டைப் படித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் கண் கலங்கி வந்து, “அத்தா, மணிமேகலை இப்படிச் சாகிறாளே, படத்தில் இவள் வரவே இல்லையே, ஏன்?” என்றாள். வந்தியத்தேவன்மீது அன்பு வைத்து, அவன் மடியிலேயே உயிர்விடும் அந்தப் பெண்ணை, சம்புவரையர் மகளை, படத்தில் அறவே நீக்கிவிட்டார்கள். நம் தாயார் அழுததும் அதே இடத்தில்தான்.

அடுத்த வாரம் பாகூர் ஏரிக்கரையில் நண்பரைக் கண்டபோது மகள் கேட்டதைச் சொன்னோம். அவர் நடையை நிறுத்தினார்.

“மணிமேகலையாக யாருமே நடிக்கவில்லையா?”

“யாருமே இல்லை.”

“நல்லதாகப் போயிற்று” என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.